‘தடை இல்லை’ சாப்பு

— சாவியத் தரமாட்டேன் மிஸ். போலிஸக் கூப்பிடுங்க, தீயணைக்கற பொம்பாவக் கூப்பிடுங்க, யார வேணும்னாலும் கூப்பிடுங்க. இந்தத் திடல் கேட்ட விட்டு என் லோரி அரை அடி நகராது.

— சிவானந்தம் அண்ணை, முதல்ல கீழ இறங்குங்கோ. லோரித் தலையில ஏறி நிண்டுகொண்டு கதைக்கிற விசயமே இது?

— இறங்குனா உங்க ஆளுங்க விழாக் கூடாரத்த ஏத்திட்டுப் போயிருவானுங்க. மூனு கழட்டியாச்சு, மிச்சம் ரெண்டு. இங்கேருந்து பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.

— அவங்கள் என்ன செய்வாங்கள், பாவம். கவுன்சில் சொன்னதைச் செய்யிறாங்கள்.

— அதே கவுன்சில்தான நேத்து சாயங்காலம் வந்து கட்டுச்சு? நேத்து கட்டி இன்னிக்கு அவுக்கறதுக்கு இது என்ன கொசு வலையா?

— ஸ்டோர்க்காரர் போன வருசத்து லிஸ்டைப் பார்த்துக் கட்டிப்போட்டினம். அது அவையின்ர பிழை. இந்த வருசத்து லிஸ்டில லோரிப் பொங்கல் இல்லை.

— என்ன சொன்னீங்க?

— இல்லை அண்ணை. எடுத்தாச்சு.

— மிஸ் ரூபிணி, காலங்காத்தால வெளாடாதீங்க. இன்னிக்கு வெள்ளி. ஞாயித்துக்கிழமை விழா. பத்தாங் காலி ஊர்ல முகுந்தன் லோரியக் கழுவித் தொடச்சு நிப்பாட்டிட்டான். செகிஞ்சான்ல ஏழு லோரிக்கு மாலை சொல்லியாச்சு. மொத்தம் இருவத்து மூனு லோரி, சரியா? எல்லாம் செம்பனைக் குலை ஏத்தற லோரி. ஒரு நாளு ஓட்டத்த விட்டுட்டு வர்றானுங்க.

— எனக்குத் தெரியும்.

— சரி, கூடாரம் வேணாம். கொண்டு போங்க. வெயில்ல நின்னு நாங்களே நடத்திக்கறோம்.

— ஏலாது அண்ணை. பாரவண்டி பாடாங் திடலுக்குள்ள வாற போலிஸ் பெர்மிட் கவுன்சில் பேரில. கவுன்சில் விழா இல்லையெண்டால் பெர்மிட்டும் இல்லை.

— ரோட்டோரம்?

— ஒவ்வொரு லோரிக்கும் சம்மன் வரும்.

— அப்ப எங்கதான் நிக்கச் சொல்றீங்க, கடல்லயா?

— இந்த வருசம் இல்லை. அவ்வளவுதான். இப்ப எட்டே முக்கால். பத்து மணிக்கு மீட்டிங். லிஸ்டில கையெழுத்து வைச்சிட்டினமெண்டால் அடுத்த வருசமும் இல்லை. ஒருக்கா விழுந்த பேர் திரும்ப ஏறாது. இதையெல்லாம் உங்களிட்ட நேர வந்து சொல்லத்தான் நான் வந்தனான். வேற ஆரும் வந்திருந்தால் போலிஸோட வந்திருப்பினம்.

— மிஸ், நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க. வெறும் பொட்டு வைக்கற விழான்னா நான் வீட்டு முன்னாடியே வச்சிட்டுப் போயிருவேன். மாடு இருந்த காலத்துல மாட்டுக்கு வச்சோம், இப்ப லோரிக்கு வைக்கறோம், சரியா? ஆனா பிரேக் பாக்கறது யாரு?

— அண்ணை...

— பட்டறை திவாகரன் நாலு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து ஒரு நாள் பூரா லோரிக்கு அடியில கெடக்கறான். சும்மா. பிரேக் சரியில்லாத லோரிக்குப் பொட்டு கிடையாது. பொட்டு இல்லாம ஊரு முன்னாடி நிக்கற வெக்கத்துக்குப் பயந்தே மொதலாளிங்க பிரேக் மாத்திக் குடுக்கறாங்க. போன வருசம் மட்டும் ஆறு லோரி பெயிலு. அந்த ஆறும் ரோட்டுல போயிருந்தா?

— உங்கட தம்பியின்ர கதை எனக்குத் தெரியும், அண்ணை.

— தெரியும்ல. செகிஞ்சான் வாய்க்கால்ல லோரியோட தலைகீழா கெடந்தான். நான்தான் எறங்கித் தூக்குனேன். பிரேக் குழாய் கிழிஞ்சிருக்கு, ஓட்டுனவனுக்கே தெரியல. அந்த வருசம் ஆரம்பிச்சோம். பதினெட்டு வருசமா எங்க ஆளுங்கள்ல ஒருத்தன் பிரேக்கால சாகல. ஒருத்தன் கூட. இதப் போயி எடுத்துட்டேன்னு நீங்க சொல்றீங்க.

— நான் எடுக்கேல்லை.

— அப்ப யாரு?

— அப்பா, இங்க கீழ பாருங்க. என்ன வேலை பண்றீங்க மேல? வாட்ஸ்அப்ல எல்லாரும் உங்க படத்தப் போட்டுச் சிரிச்சிட்டு இருக்காங்க. சிவானந்தம் கோபுரத்துல ஏறிட்டார்னு.

— வா அன்பரசி, வா. சிரிக்கறவங்களுக்கு நீயே போன் பண்ணி சொல்லு. ஞாயித்துக்கிழமை விழா இல்லையாம்.

— வாட்? மிஸ், ஜோக் பண்றாரா இவரு?

— இல்லை அன்பரசி. கவுன்சிலுக்கு வாற காசு குறைஞ்சு போச்சு. ஒவ்வொரு பிரிவும் ரெண்டு விழாவைக் குறைக்கச் சொன்னவை. எந்த விழாக்காரர் எதிர்ப்பு இல்லையெண்டு எழுதித் தந்தவையோ, அந்த விழாவை முதல்ல எடுத்தாச்சு.

— எங்களுக்கு எதிர்ப்பு இல்லன்னு எவன் சொன்னான்?

— நீங்கள்தான் அண்ணை.

— நானா?

— நகல் கொண்டு வந்தனான். இந்தாங்கோ.

— மூக்குக் கண்ணாடி வண்டிக்குள்ள இருக்கு. அன்பு, நீ படி. சத்தமா படி.

— இருங்கப்பா. மலாய்ல இருக்கு. ‘லோரிப் பொங்கல் விழாவுக்கான ஒதுக்கீட்டை நிறுத்துவதில் உங்கள் தரப்புக்குத் தடை ஏதும் உண்டா?’ இதான் கேள்வி. கீழ பதில்... அப்பா.

— என்ன?

— அப்பா, கீழ இறங்கி வாங்க.

— என்னன்னு சொல்லு லா.

— ‘தியாடா ஹாலாங்கான்.’ தடை ஏதும் இல்லை. கையால எழுதல. சாப்பு. ரப்பர் முத்திரை, நம்ம சாப்பு.

— இரு. இரு, வரேன். இந்தக் கைய பிடி. எங்க, காட்டு.

— இதோ. வலது பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு பாருங்க, நீங்க எப்பவும் குத்தற மாதிரியே. கீழ உங்க கையெழுத்து.

— இது நம்ம சாப்புதான்.

— அதான் சொல்றேன்.

— இது எப்படிம்மா இங்க வந்துச்சு?

— என்னைக் கேட்டா? அந்த ரப்பர் சாப்ப நீங்கதான டாஷ்போர்டுல பிள்ளையாருக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க. நான் எத்தன தடவ சொன்னேன். விழாக் கமிட்டி செயலாளர் நான்தான, என்கிட்ட குடுங்கன்னு.

— வருசா வருசம் எழுதி நெரப்பச் சொல்லி பத்து பாரம் வருதே, மிஸ். போலிஸ் கேக்கறான், பொம்பா கேக்கறான், கரண்டுக்காரன் கேக்கறான், கிளினிக்குல கேக்கறாங்க. விழா நடத்த ஏதாச்சும் தடை உண்டா, தடை உண்டான்னு. ‘தியாடா ஹாலாங்கான்’னு எழுதி எழுதிக் கை ஓஞ்சுதான் கடையில குடுத்து ரப்பர்ல அடிச்சேன். நல்லதுக்குத்தான் அடிச்சேன். தடை இல்லாம நடக்கணும்னு.

— நல்லதுக்குத்தான். எவனாச்சும் என்னைப் பொண்ணு கேட்டு வந்திருந்தா என் நெத்தியிலயும் அதக் குத்தி அனுப்பியிருப்பீங்க.

— அன்பு, இப்ப வேணாம்.

— தேதி போட்டிருக்கு. நவம்பர் பதினாலு. எங்கப்பா இருந்தீங்க அன்னிக்கு?

— நவம்பர்ல எங்க இருப்பேன். செம்பனை மில்லு வரிசையில இருந்திருப்பேன். நல்ல மழை அந்த வாரம் பூரா. முன்னாடி பதினாறு லோரி நின்னுச்சு... ஆ. மிஸ் வந்தாங்க.

— எந்த மிஸ்?

— இவங்கதான். ரூபிணி மிஸ். சின்னக் காருல வந்து, குடையப் பிடிச்சிக்கிட்டு, சேத்துல எறங்கி நடந்து வந்தாங்க. நான் கதவுக் கண்ணாடிய எறக்கி, ஸ்டியரிங் மேலயே வச்சுக் குத்திக் குடுத்தேன். டீ வேணுமான்னு கேட்டேன். வேணாம்னாங்க.

— மிஸ், இது நெசமா? நீங்கதான் கொண்டு போனீங்களா?

— ஓம். நான்தான் கொண்டு போனனான்.

— என்ன பாரம்னு அப்பா கேட்டாரா?

— கேட்டவர்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வழக்கமான பாரம் எண்டு சொன்னனான்.

— ஏன்மா அவங்களப் போட்டுக் கொடையற? வருசா வருசம் அது வழக்கமான பாரம்தான. இந்த வருசம் கேள்விய மாத்திட்டான் மேல இருக்கறவன். அவங்களுக்கு எப்படித் தெரியும்?

— அப்பா, ஒரு நிமிசம். இந்த நகல்ல குறுக்க ஒரு கோடு ஓடுது. மடிச்ச தடம். சரியா கேள்விக்குக் கீழ.

— மழைன்னு சொன்னேன்ல. நனையக்கூடாதுன்னு மடிச்சு கையில பிடிச்சிருந்தாங்க. பாதி மட்டும் நீட்டுனாங்க, குத்துனேன். தாள் நனைஞ்சா மை கலைஞ்சிரும்.

— அப்ப கேள்விய நீங்க பாக்கவே இல்ல.

— பாத்தா மட்டும்? கண்ணாடி போடாம எனக்கு என்ன தெரியும்.

— கீழ சின்ன எழுத்துல இன்னும் இருக்கு. ‘ஒருமுறை தந்த பதிலை மாற்ற இயலாது. பதில் தருபவரிடம் அதிகாரி விவரத்தை மறைத்திருந்தால் மட்டுமே மறுபரிசீலனை.’ மிஸ், நான் நேரா கேக்கறேன். குடுக்கறதுக்கு முன்னாடி இத நீங்க படிச்சீங்களா?

— அண்டைக்கு என்ர மேசையில நாப்பது பாரம் கிடந்தது, அன்பரசி.

— அது பதில் இல்லயே.

— அன்பு. போதும். மரியாதையா பேசு.

— நான் மரியாதையாத்தான் கேக்கறேன்.

— கேக்கற கேள்வியே மரியாதை இல்ல. ஒன்பது வருசமா அந்தக் கவுன்சில்லேருந்து எவன் நம்ம மில்லு வாசலுக்கு வந்திருக்கான்? இவங்க ஒருத்தர்தான். உன் கமிட்டிக் கடுதாசியெல்லாம் திருத்திக் குடுத்தது யாரு? போன மாசம் மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரமாச்சுன்னு கேட்டு உங்கம்மா கேசரி கிண்டி அனுப்புனா. ஒன்பது வருசம் தற்காலிகமா கொந்திராக்குல இருந்த பொண்ணு, இப்பதான் நிமிந்திருக்கு. இதுல அவங்களையும் இழுத்து விடணுமா?

— கேசரி கிடைச்சுதண்ணை. அம்மாட்ட சொன்னனீங்களோ?

— சொன்னேன் மிஸ். நல்லா இருந்துச்சான்னு கேட்டா.

— நான்... சாப்பிடேல்லை.

— பரவால்ல. வேலை நேரம். அன்பு, அந்தத் தாளக் குடுத்துரு. தப்பு என்னுது. கேள்வியப் படிக்காம பதில் குத்துனவன் நான். வேற யாருமில்ல.

— அப்பா, அப்படி விட்ராதீங்க. பத்து மணிக்கு நான் மீட்டிங்குக்குப் போறேன். பேசறேன்.

— என்ன பேசுவ? எங்கப்பா ஒரு மடையன், பாத்துப் போட்டுக் குடுங்கன்னா? நான் சாப்பு குத்தியிருக்கேன். கையெழுத்துப் போட்டிருக்கேன். போன் எங்க? இரு, முகுந்தன்கிட்ட நானே சொல்லிர்றேன். மத்தவன் சொல்லி அவன் கேக்கக்கூடாது... முகுந்தா. ஆமா, நான்தான். படம் பாத்தியா, சரி, சிரி. டேய், ஞாயித்துக்கிழமை வராத. இல்லடா, வராத. விழா இல்ல. மழைக்கில்ல. நான்தான் நிறுத்திட்டேன். ஆமா, நான்தான். பொறவு சொல்றேன். ஒன்னு மட்டும் செய்யி. அந்தப் பின் டயர்கிட்ட எண்ணெய் கசியுதுன்னு சொன்னியே, அத விழாவுக்குப் பாத்துக்கலாம்னு வச்சிருக்காத. இன்னிக்கே பாத்துரு. யாரு பாப்பாங்கன்னா... எங்கயாச்சும் பாருடா. வச்சிர்றேன்.

— அப்பா.

— ஒன்னுமில்ல. கண்ணுல தூசி. மிஸ், உங்க ஆளுங்கள வரச் சொல்லுங்க. ரெண்டு கூடாரத்தையும் கழட்டிக்கட்டும். நான் லோரிய எடுக்கறேன். இந்த சாப்பையும் நீங்களே கொண்டு போயிருங்க. என் கையில இருந்தா இன்னும் எதுலயாச்சும் குத்திருவேன்.

— நில்லுங்கோ அண்ணை.

— நேரமாச்சு மிஸ். உங்களுக்கும் மீட்டிங் இருக்குமே.

— லோரியை எடுக்காதேங்கோ. அதில அப்பிடியே நிக்கட்டும். அன்பரசி, போன் கையில இருக்கோ?

— இருக்கு.

— ரெக்கார்ட் போடு.

— எதுக்கு மிஸ்?

— பத்து மணிக்கு மீட்டிங்கில போட்டுக் காட்டு. நான் அங்க வந்து வாயைத் திறப்பனோ தெரியாது. இஞ்ச வைச்சுச் சொன்னால் பிறகு என்னால மாத்தேலாது. போட்டியா?

— போட்டுட்டேன்.

— என்ர பேர் ரூபிணி விஜேந்திரன். கவுன்சில் சமூகப் பிரிவு. எங்கட பிரிவில ரெண்டு விழா குறையாட்டில் ரெண்டு ஆள் குறையும் எண்டு நவம்பர் பத்தாம் தேதி சொன்னவை. கொந்திராக்கில இருந்தது ரெண்டே பேர். அதில ஒராள் நான்.

— மிஸ், என்ன பேசறீங்க? அன்பு, அத நிறுத்து.

— நிறுத்தாதை அன்பரசி. ஓடட்டும்.

— மிஸ், வேணாம். இப்பதான் உங்களுக்கு வேலை நிலைச்சிருக்கு. தப்பு என்னுதுன்னு நான்தான் சொல்லிட்டேனே, சரியா?

— அந்தத் தாளை நான் மழைக்காக மடிக்கேல்லை, அண்ணை.