பனி விழுந்த பிறகு தோண்டுகிற கிழங்கு

நஞ்சுண்டன்: ஐயோ, இழுக்காத மரகதம்! இழுத்தா பாதி மண்ணுக்குள்ளயே நின்னுக்கும்.

மரகதம்: கேரட்டை இப்படித்தானே புடுங்குவோம்...

நஞ்சுண்டன்: இது கேரட் இல்லையே. பார்ஸ்னிப். முழங்கை நீளத்துக்குக் கீழ போயிருக்கும். இந்தத் தோட்ட ஃபோர்க்கை ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோட நெம்போணும். அக்கட்டால நகரு.

மரகதம்: ம்... நெம்புங்க. ஏனுங்க, இதென்ன ரெண்டு காலோட வருது!

நஞ்சுண்டன்: நியூ ஜெர்சி களிமண்ணு. கீழ கெட்டியா இருந்தா ரெண்டாப் பிரிஞ்சு வழி தேடிக்கும். ருசியெல்லாம் ஒண்ணுதான்.

மரகதம்: வெண்பா பார்த்தா இதுக்கு பேன்ட் போட்டு உட்ருவா.

நஞ்சுண்டன்: வெள்ளையா இருக்குதுன்னு அவ இதை கோஸ்ட் கேரட்னுதான் சொல்றா. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட, "மை டாடி க்ரோஸ் கோஸ்ட் கேரட்ஸ்"னு சொன்னாளாம். டீச்சரே என்னைப் பார்த்துச் சிரிக்குது.

மரகதம்: அவகிட்ட உங்கப்பா என்ன வேலை பார்க்கறாருன்னு கேட்டிருப்பாங்க...

நஞ்சுண்டன்: ம். அப்படித்தான் இருக்கும்.

மரகதம்: உங்களுக்குச் சங்கடமா இல்லையா?

நஞ்சுண்டன்: இதுல என்ன சங்கடம்? பொண்டாட்டி கூட எச்-ஃபோர் விசாவுல வந்தவன் வேலைக்குப் போகக்கூடாதுன்னு சட்டம். மண்ணைக் கொத்தக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே. அதைக் குடு இப்படி... தழையைத் தொடாத! கையுறை போட்டுக்க.

மரகதம்: தழை என்ன பண்ணும்?

நஞ்சுண்டன்: இதோட சாறு பட்டு, மேல வெயிலும் அடிச்சா கொப்புளம் போட்ரும். இப்ப டிசம்பர், வெயிலே இல்லை. இருந்தாலும் எதுக்கு வம்பு?

மரகதம்: இருங்க... ஜூலைல உங்க கையெல்லாம் புண்ணா இருந்துச்சே. எண்ணெய் தெறிச்சிருச்சுன்னு சொன்னீங்க?

நஞ்சுண்டன்: அது... ஆமா. களை எடுக்கறப்ப பட்டுருச்சு.

மரகதம்: அதை எதுக்கு எங்கிட்ட மறைக்கோணும்?

நஞ்சுண்டன்: நீ ஆபீஸ்ல இருந்து தலைவலியோட வருவே. வேலைவெட்டி இல்லாதவன் செடிகிட்டப் போயி கையைச் சுட்டுக்கிட்டேன்னு வேற சொல்லோணுமா?

மரகதம்: சொல்லோணும்.

நஞ்சுண்டன்: சரி, சொல்லிட்டேன். அடுத்த கிழங்கை எடு.

மரகதம்: ஏப்ரல்ல விதைச்சீங்க. முளைக்கவே மூணு வாரம் ஆச்சு. நான் கூட விதை செத்துப்போச்சுன்னேன். தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் வந்து போயாச்சு. இதை இவ்வளவு நாள் உட்டு வெக்கோணுமா?

நஞ்சுண்டன்: பனி நாலஞ்சு தடவை நல்லா விழோணும். குளிருக்குப் பயந்துக்கிட்டு, உள்ள இருக்கற மாவையெல்லாம் சர்க்கரையா மாத்திக்கும். செப்டம்பர்ல தோண்டியிருந்தா வெறும் சக்கைதான்.

மரகதம்: அக்ரி காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?

நஞ்சுண்டன்: அங்க யாரு பார்ஸ்னிப்பைப் பார்த்தா? மான்மவுத் ஜங்ஷன் லைப்ரரில படிச்சது. மண்ணு மட்டும் காலேஜ்ல படிச்சது... நீ ஏன் திங்கக்கிழமையும் அதுவுமா வீட்ல இருக்கே? சொல்லவே இல்லையே.

மரகதம்: வொர்க் ஃப்ரம் ஹோம்.

நஞ்சுண்டன்: லேப்டாப்பையே காணோம்?

மரகதம்: மேல பெட்ரூம்ல இருக்குது. ஆபீஸ் போன் கால் இல்லாத நேரத்துல வந்தேன். ஏன், கூட நின்னா ஆகாதா?

நஞ்சுண்டன்: ஆகும் ஆகும். நில்லு... இந்தக் கிழங்கைப் பாரு, என்ன பருமன்!

மரகதம்: கழுவிரட்டுங்களா?

நஞ்சுண்டன்: கழுவவே கூடாது. தண்ணி தேங்கி நின்னா அழுகிரும். மண்ணை மட்டும் லேசா உதிர்த்துடு. தழையை ஒரு விரக்கடை உட்டு நறுக்கு. அடிபட்டது, வெட்டுப்பட்டது எல்லாம் தனியாப் போடு. அது இந்த வாரமே பொரியலுக்கு.

மரகதம்: மத்ததெல்லாம்?

நஞ்சுண்டன்: கராஜ்ல ரெண்டு பெட்டி இருக்குது. அடியில லேசான ஈர மணல், மேல ஒரு வரிசை கிழங்கு, அப்புறம் மறுபடி மணல். ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாது. ஒண்ணு அழுகினா பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும்.

மரகதம்: எத்தனை நாள் தாங்கும்?

நஞ்சுண்டன்: மார்ச் வரைக்கும் கவலையில்லை. இந்தக் கடைசி ரெண்டு வரிசையைத் தோண்ட வேண்டாம். மேல காய்ஞ்ச இலையைக் குமிச்சு வெச்சா மண்ணுக்குள்ளயே இருக்கும். வசந்தத்துல புதுத் தழை விடறதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம்.

மரகதம்: மார்ச்...

நஞ்சுண்டன்: என்ன?

மரகதம்: இல்லைங்க... ரெண்டு பெட்டி எதுக்கு? ஒண்ணு போதும். பாதியைப் பக்கத்து வீட்டு ஷ்யாமளா ஆன்ட்டிக்குக் குடுத்துரலாம். அந்த ரெண்டு வரிசையையும் இன்னைக்கே தோண்டிருங்க.

நஞ்சுண்டன்: ஏன்?

மரகதம்: சும்மாதான். எல்லாம் ஒரே வேலையா முடிஞ்சிரும்.

நஞ்சுண்டன்: மரகதம்...

மரகதம்: ம்?

நஞ்சுண்டன்: கத்தியைக் கீழ வை. இங்க வந்து உக்காரு.

மரகதம்: மண்ணுலயா?

நஞ்சுண்டன்: மண்ணுதான், உக்காரு... வெள்ளிக்கிழமை சாயந்திரம் மகாதேவன் போன் பண்ணினான்.

மரகதம்: எங்க ஆபீஸ் மகாதேவனா?

நஞ்சுண்டன்: அவனேதான். "மரகதம் எப்படி இருக்காங்க, ரொம்ப ஸாரி"ன்னான். எதுக்கு ஸாரின்னு கேட்டா முழிக்கறான். அப்புறம் சொன்னான். வியாழக்கிழமை பதினோரு பேருக்கு லே ஆஃப், அதுல உம்பேரும் இருக்குதுன்னு.

மரகதம்: மூணு நாளா தெரியுமா உங்களுக்கு?

நஞ்சுண்டன்: நீயே சொல்லுவேன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவுன்னே. இன்னைக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்ங்கறே. நாளைக்கு என்ன சொல்லுவியோ.

மரகதம்: எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க.

நஞ்சுண்டன்: இதுல உன் தப்பு என்ன? ஊரெல்லாம் இதேதான் நடக்குது. உன் விசா போனா என் விசாவும் போகும், ஊருக்கே கெளம்பிரலாம். நாலு வருஷம் தனியா நின்னு குடும்பத்தை இழுத்தே. அவங்களுக்கு உன்னோட அருமை தெரியலை. அவ்வளவுதான்.

மரகதம்: அப்படிச் சொல்லாதீங்க.

நஞ்சுண்டன்: ஏன் சொல்லக்கூடாது? ராப்பகலா உழைச்சவளைப் போன்னு சொல்லிட்டாங்க...

மரகதம்: சொல்லலைங்க.

நஞ்சுண்டன்: என்ன சொல்லலை?

மரகதம்: என்னைய யாரும் போன்னு சொல்லலைங்க. அந்த லிஸ்ட்ல முதல்ல எம்பேரே இல்லை. தானாப் போறவங்க இருந்தா சொல்லுங்கன்னு மேனேஜர் கேட்டார். நான் கையைத் தூக்கிட்டேன். "ஆர் யூ ஷ்யூர்"னு மூணு தடவை கேட்டார்.

நஞ்சுண்டன்: உனக்கென்ன பைத்தியமா! எதுக்கு மரகதம்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

மரகதம்: கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்க.

நஞ்சுண்டன்: சொல்லுவேன்தான். நீ கஷ்டப்பட்டு வாங்கின வேலை. எதுக்கு உட்டே? அதைச் சொல்லு முதல்ல.

மரகதம்: புதன்கிழமை இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடி உங்க மெயிலைத் திறந்தேன். உங்க காலேஜ் சீனியர் ராமசுப்ரமணியன் அக்டோபர்லயே எழுதியிருக்கார், கோத்தகிரியில விதைப் பண்ணை ஆரம்பிச்சுட்டேன், நீ வந்து பார்த்துக்கன்னு. நீங்க முடியாதுன்னு எழுதிட்டீங்க. "மனைவி வேலை நல்லாப் போகுது, எனக்கு இங்க ஒரு குறையும் இல்லை"ன்னு. எங்கிட்ட மூச்சு உடலை. நேத்து அவருக்குப் போன் பண்ணினேனுங்க. அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்குதாம், பிப்ரவரில வரச் சொன்னார். இதைத் தியாகம் கியாகம்னு நெனைச்சுக்காதீங்க. எனக்குக் கோயமுத்தூர்ல எங்கயாவது வேலை கெடைச்சிரும். உங்களுக்குத்தான் இங்க கெடைக்காது.