காரணம் எழுதாத கட்டம்

ஆவணம் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை ஐயா. எங்கள் அறையில் மற்றவர்களுக்கு அது வேப்பங்காய்.

மருத்துவமனையின் தரவுத்தள சர்வர் என் பொறுப்பில் இருந்தது. அதன் ஒவ்வொரு அமைப்பையும், செட்டிங் என்பார்களே, அதை ஒரு கோப்பில் எழுதிவைப்பேன்: பெயர், கொடுத்த மதிப்பு, ஏன் அப்படிக் கொடுத்தோம் என்ற காரணம். காரணம் எழுதாத அமைப்பை வேகத்துக்காக யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது எங்கள் வழக்கம். கொண்டுவந்தவன் நான்.

அமைப்புகளில் ஒன்று, செவிலியர்கள் பதிவது டிஸ்கில் இறங்கிய பிறகே அடுத்த வேலைக்கு விடும். அதனால் சர்வர் மெதுவாகும். ஆனால் திடீரென்று மின்சாரம் போனாலும் பதிவு போகாது.

என் மனைவியின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கெட்டிக்காரன். வந்த வேகத்தில் மேலாளரைக் கைக்குள் போட்டுக்கொண்டான். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"அக்கா, மாமாவோட சர்வரும் மாமா மாதிரியேதான். கூப்பிட்டா 'ம்'னு சொல்லும். எழுந்து வர அரை மணி நேரம் ஆகும்."

"அரை மணியில வந்துச்சா? உனக்கு மச்சம்டா," என்றாள் மனைவி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சர்வரை வேகப்படுத்தும் பொறுப்பை மேலாளர் அவனிடம் கொடுத்தார். கோப்பை ஒப்படைக்கும் முன், நான் சொன்ன அந்த அமைப்புக்கு நேரே இருந்த காரணத்தை மட்டும் அழித்தேன். பொய்யாக ஓர் எழுத்தும் எழுதவில்லை.

அவன் கேட்காமல் இல்லை.

"மாமா, இது எதுக்குன்னே போடலையே. எடுத்துடவா?"

"போட்டிருந்தா விடு, போடலன்னா எடு மாப்ள. இதுக்கெல்லாம் தாம்பூலம் வச்சா கூப்பிடுவாங்க?"

எடுத்தான். சர்வர் பறந்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவன் தோளைத் தட்டினார்.

மின்தடை என்று அறிக்கையில் இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. மின்சாரம் போனால் சர்வரைத் தாங்கும் பேட்டரியைப் பழுதுபார்க்க என்று சொல்லிக் கழற்றியிருந்தேன். மெயின் சுவிட்சையும் அணைத்தேன். மதியம் பணி மாறும் வேளை. கொடுத்த மருந்துகளையெல்லாம் பதிந்துவிட்டுச் செவிலியர்கள் கிளம்பும் நேரம்.

சர்வர் மறுபடி எழுந்தபோது கடைசிப் பதிவுகள் சில இல்லை. இதய வார்டில் ஓர் அம்மாவுக்கு ஊசி போட்ட பதிவு அவற்றில் ஒன்று. அடுத்து வந்த செவிலியர் திரையைப் பார்த்தார். ஊசி போடவில்லை என்று இருந்தது. போட்டார். அந்த அம்மா மாலைக்குள் இறந்துவிட்டார்.

அமைப்பை மாற்றியவன் என்று என் மைத்துனனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. "நீங்கதாங்க அவனுக்கு ஏதாவது பண்ணணும்," என்று மனைவி அழுகிறாள். அதனால்தான் வந்தேன். அவனை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் கொலைகாரன் இல்லை. அந்த அம்மாவின்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. அவர் பெயர்கூடத் தெரியாது. யாராவது ஒரு நோயாளி போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.