சாப்பாட்டுப் பை

குழாய் சொட்டினாலே எனக்குத் தூக்கம் வராது, ஐயா. எதுவும் வீணாகக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

எங்கள் ஆலையில் ஒரு பெரிய கலன். அதில் மரபணு மாற்றிய பூஞ்சை வளர்கிறது. சலவைத்தூளில் சேர்க்கும் நொதியைச் சுரப்பது அதுதான். மேலே சர்க்கரைக் கரைசல் இடைவிடாமல் போகும்; அதே அளவு கீழே வெளியேறும். நிறுத்தினால் பூஞ்சை பட்டினியில் கெட்டுவிடும், எல்லாம் முதலிலிருந்து. நூற்றுப் பன்னிரண்டு நாள் நிற்காமல் ஓட்டினேன். வீட்டுக்குப் போனால் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்ததுபோல் தவிப்பாக இருக்கும். அதனால் போவதையே விட்டுவிட்டேன்.

வெளியேறுவது இரண்டு தொட்டிகளில் மாறி மாறிச் சேரும். ஒன்று நிரம்பும்போது மற்றதில் என் தங்கை புருஷன் இறங்கிக் கழுவுவார். இறங்குகிறவர் தன் சாப்பாட்டுப் பையை அந்தத் தொட்டியின் வால்வுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வால்வைத் திருப்பினால் ஓட்டம் அந்தத் தொட்டிக்குள் பாயும்; பை தொங்கினால் யாரும் திருப்ப மாட்டார்கள். அவர் கொண்டுவந்த யோசனைதான்.

தங்கமான மனிதர். "மச்சான், அந்தப் பூஞ்சைக்கும் உங்களுக்கும் எப்போ கல்யாணம்?" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

அன்று மத்தியானம் கூடத்தில் நாங்கள் இருவர்தான். முதல் தொட்டி விளிம்புவரை வந்துவிட்டது. இரண்டாவதில் இறங்கிய மாப்பிள்ளை இன்னும் ஏறி வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"கால் அடியில இருக்கிற கலக்கியோட தகட்டுல மாட்டிக்கிச்சு மச்சான். ஓட்டத்தை நிறுத்திட்டு ஆளுங்களைக் கூப்பிடுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை?"

"ஒரு மணி நேரமாவது ஆகும். நிறுத்துங்க, பயமா இருக்கு."

சாக்கடையில் திறந்துவிட முடியாது. மரபணு மாற்றிய உயிர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறியதே இல்லை. ஆளைக் கூப்பிட்டால் முதல் வேலையாக ஓட்டத்தை நிறுத்துவார்கள். எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள்.

வால்வைத் திருப்பினேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும், சுட்டிருக்காது. இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கலனின் ஓட்ட அளவுமானியில் முள் கொஞ்சமும் அசையவில்லை.

தங்கை என்னைக் கல்நெஞ்சன் என்கிறாளாம். திருப்புவதற்கு முன் அந்தப் பையைக் கழற்றியதும் நான்தான், ஐயா. அவள் கையால் கட்டிக் கொடுத்த சாப்பாடு ஆயிற்றே என்று மேசைமேல் நேராக வைத்தேன். ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.