ஆறாம் பாகத்துக்கு அவர் சொன்ன அபிப்பிராயம்

சட்டைக் காலரைப் பார்த்தாலே ஒரு ஆளைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும். இருபத்தாறு வருஷமாகச் சலவைக் கடை மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். யார் வீட்டில் புருஷன் பெண்சாதி பேச்சுவார்த்தை இல்லை, யார் வேலை போனதைச் சொல்லாமல் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார், எல்லாம் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் தெருவுக்குப் போகும். நானாகப் போய் யாரையும் எதுவும் கேட்டதில்லை. துணி சொல்லும். அதை நான் நாலு பேருக்குச் சொல்வேன், அவ்வளவுதான்.

லிஃப்ட் சார் விஷயத்தையும் அந்த மாதிரி வம்பு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. வம்பு வேறு, இது வேறு.

எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. புதன்கிழமை நாலு மணிக்கு, என் கடையின் பின்னறையில், நீராவி இஸ்திரி மெஷினுக்கும் கோட்டுகள் தொங்கும் கம்பிக்கும் நடுவில் கூடுவோம். படித்தது ஒரே ஒரு தொடரைத்தான். எங்கள் தாத்தா காலத்தில் வந்த அறிவியல் கதை, பதினோரு பாகம். பனி மூடிய ஏதோ ஒரு நிலவுக்கு அடியில் சுரங்கம் வெட்டி எழுநூறு பேர் குடியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து நடக்கிற கதையாம். ஆனால் எல்லாரும் சுவரில் மாட்டிய தொலைபேசியில் கத்திப் பேசுகிறார்கள். பெண்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். நிலவுக்குப் போயும் கேப்டன் சட்டைக்கு இஸ்திரி போட ஒருத்தி வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது நாங்கள் ஏழு பேர்.

விஞ்ஞானமே தப்பு என்று சொல்லி இரண்டாம் பாகத்தோடு இயற்பியல் டீச்சர் நின்றுகொண்டார். ஒரு தம்பதி, மூன்றாம் பாகத்தில் கதாநாயகி செய்தது சரியா தப்பா என்று ஆரம்பித்து, வீட்டு விஷயத்தில் போய் முடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். தபால்காரருக்கு மாற்றலாகிவிட்டது. வட்டத்தை ஆரம்பித்தவரே பல் செட் செய்பவர்தான். அவரும் ஐந்தாம் பாகம் முடிந்த கையோடு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் நானும் லிஃப்ட் சாரும். இரண்டு பேர் சேர்ந்தால் அது வட்டமில்லை, கோடுதான். இருந்தாலும் வட்டம் என்றே சொல்லிக்கொண்டோம்.

எனக்கு வீட்டில் யாரும் கிடையாது. தெருவில் எல்லாரைப் பற்றியும் பேச்சு உண்டு, என்னைப் பற்றிக் கிடையாது. பேச ஒன்றும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் ஒரு டம்ளர் கழுவுவேன். புதன்கிழமை இரண்டு.

பல் செட்காரர் ஒரு விதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் அவரவர் அபிப்பிராயத்தை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோராம் பாகம் முடியும்வரை யாரும் அதைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. யார் மனசு எங்கே மாறியது என்று கடைசியில் பார்த்துச் சிரிக்கலாம் என்பது திட்டம். லிஃப்ட் சார் மட்டும் தன் கையால் எழுத மாட்டார். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் வலது கையின் மூன்று விரல்களை ஏதோ ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டு வந்தவர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவர் இடது கையால் கோழிக் கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போடுவார். வாசித்துப் பார்க்க மாட்டார். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் என்பார்.

ஆறாம் பாகத்தில் ஒரு இடம் வருகிறது. காற்று எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் மனைவி சீக்காகிப் படுத்திருக்கிறாள், மூச்சுக் குழாயில் உயிர் ஓடுகிறது. ஊருக்கே காற்று குறைந்துகொண்டு வருகிறது. அவன் போய் அவள் வால்வை மூடிவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் வழக்கம்போலக் காபி குடிக்கிறான்.

அந்தப் புதன்கிழமை லிஃப்ட் சார் புத்தகத்தைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஒரே சிரிப்பு.

"பொண்ணு எனக்கு ரூம் ரெடி பண்ணிட்டாளாம். பேரன் தினமும் தாத்தா எப்ப வருவாருன்னு உயிர வாங்குறானாம். ஏழாவது பாகத்த நீங்க தனியாத்தான் படிக்கணும் போல."

நல்ல விஷயம்தானே சார் என்றேன். நோட்டை எடுத்தேன்.

"எழுதிக்கோங்க. அந்த ஆளு வால்வ மூடினது தப்பு. காத்து தீந்தா தீரட்டும், சேந்தே தீரட்டும். நான் மூடல. அவ கையப் புடிச்சிக்கிட்டுக் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

அவர் மனைவி போய் அப்போது இரண்டு வருஷம். வீட்டிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு மெஷின் ஓட, இவர் ஒருவர்தான் கூட இருந்தார். மகள் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது.

நான் எழுதியது இது: "அவன் மூடியது சரி. இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு மூச்சை மட்டும் பிடித்து வைத்து என்ன பிரயோஜனம். நானும் அதைத்தான் செய்தேன். மகளுக்குத் தெரியாது." அவர் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து வழக்கத்தைவிட நன்றாகவே வந்திருந்தது.

அடுத்த வாரம் அவர் மகள் வந்தாள், அப்பாவின் நாலு கோட்டுகளைச் சலவைக்குப் போட. சின்ன வயதிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போன புதிதில் அடிக்கடி கடைக்கு ஃபோன் செய்வாள். அப்பாவிடம் கேட்டால் அழுகிறார், அம்மா கடைசியில் கஷ்டப்பட்டாளா, உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்பாள். அந்தப் பெண்ணுக்கு எங்கே வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொள்வதுதானே என் வேலை.

அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சொன்ன அபிப்பிராயமெல்லாம் இதில் இருக்கிறது, ஞாபகமாக வைத்துக்கொள் என்று நோட்டை மேசைமேல் வைத்தேன். ஆறாம் பாகம் வரும் பக்கத்தில், துணிக்குக் குத்துகிற சிவப்புச் சீட்டு ஒன்று அடையாளத்துக்கு இருந்தது. அவள் படிக்கும்போது நான் கோட்டுகளில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் கீழ்ப்பொத்தான் இல்லை. நிமிர்ந்தபோது அவள் அதே பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டைப் பைக்குள் வைத்தாள்.

"கோட்டு இப்ப வேணாம் அத்தை" என்றாள். மாடியில் குடியிருக்கும் அப்பாவைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

அதன்பிறகு ஃபோன் வரவில்லை. லிஃப்ட் சார் அடித்தாலும் அவள் எடுக்கவில்லை. அவர் தன் குற்றங்களை எண்ண ஆரம்பித்தார். போன தடவை போனபோது டிவி சத்தமாக வைத்தேன் என்றார். ஒரு வாரம் கழித்து, மாப்பிள்ளையின் செருப்பைத் தெரியாமல் போட்டுக்கொண்டு போனேன், அதுவாக இருக்குமோ என்றார். அடுத்த வாரம், பேரனை ஒருநாள் அதட்டிவிட்டேன் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன். நோட்டைக் கேட்டார், நீராவிக் குழாய் ஒழுகி நனைந்து போய்விட்டது என்றேன். அவர் இப்போது புதன்கிழமை மட்டுமில்லை, திங்களும் சனியும்கூட வருகிறார். ஒன்பதாம் பாகத்தில் இருக்கிறோம். அவசரமில்லை. ஆளும் கொஞ்சம் இளைத்துவிட்டார், பேன்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு சீட்டில் நம்பரைக் கொண்டுவந்தார்.

"என் நம்பர்னா எடுக்க மாட்டேங்குறா. உங்க ஃபோன்ல ஒரு தடவ பண்ணிப் பாருங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் கேளுங்க. என்னவா இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

உள்ளே சிக்னல் கிடைக்காது என்று சொல்லிவிட்டு முன்பக்கம் வந்து நின்றுகொண்டு அடித்தேன். எடுத்தாள். அப்பா பக்கத்தில் இருக்கிறார், பேச ஆசைப்படுகிறார் என்றேன்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எழுதினது நீங்கதானே. நிஜமா அவர் வாயால அப்படிச் சொன்னாரா?"

இல்லை என்ற பதிலுக்காகவே கேட்கிற குரல் அது. எத்தனையோ பேர் அந்தக் குரலில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன். கோட்டுகளுக்கு நடுவில், நாற்காலி விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு விரல் கையால் தலையைக் கோதி, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார், ஃபோனில் மகள் தன்னைப் பார்க்கப் போகிறாள் என்பதுபோல.

"ஆமாம்மா," என்றேன். "எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவள் வைத்துவிட்டாள். நான் உள்ளே போய், அவளுக்கு வேலை ஜாஸ்தியாம், பேரனுக்குப் பரீட்சையாம், பிறகு பேசுகிறாளாம் என்றேன். கோபமா என்று கேட்டார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்னவோ" என்றார்.

அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதியது நான். அதை மகளிடம் கொடுத்தது நான். அவள் கேட்டபோது ஆமாம் என்றதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அங்கே மகள் வேலைக்குப் போய்விடுவாள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். இந்த வயதில் ஒரு மனுஷன், நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், தனியாக உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு மனசு கேட்கவில்லை.