பத்தாம் நாள் பிஸ்கட்

நாய்க்குப் பொங்கும் சோற்றில் உப்பு போடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. காசியம்மாளுக்கும் முதலில் தெரியவில்லை. வேலைக்கு வந்த புதிதில், உப்பில்லாமல் ஒரு ஜீவனுக்கு எப்படிச் சோறு போடுவது என்று என்னிடம் சண்டைக்கே வந்தாள். நான் எடுத்துச் சொன்னேன். அதன் பிறகு அவள் இருந்த காலம் வரைக்கும் அந்த அண்டாவில் ஒரு கல் உப்பு விழுந்ததில்லை. ஒருமுறை சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் அவள் மேல் எந்தத் தவறும் கிடையாது.

ஆற அமரச் சொல்லுங்கள் என்றீர்கள். நல்லது. எனக்கும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆளை வேலைக்கு எடுப்பதும் வெளியே அனுப்புவதும் என் கையில் இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மகன் ஹேமந்த் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், பாதிப் பேச்சில் அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிடும்.

நெம்மேலி தாண்டி, கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் போகும் மண் பாதையில் டாக்டர் ஷாஜாதி தகரக் கொட்டகை போட்டு, அடிபட்ட நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்நடை மருத்துவர். தங்கமான பெண், ஆனால் நாலு பேரிடம் கை நீட்டிக் கேட்கத் தெரியாது. நான் போனபோது அது வெறும் கொட்டகை. அதைக் காப்பகம் ஆக்கியது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டால் டாக்டரே சொல்வார்.

நன்கொடை கொடுப்பவர்களை நீங்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை. கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும் நாய்க்கு ஒருவரும் ஒரு பைசா கொடுக்க மாட்டார்கள். கால் போனதற்குக் கொடுப்பார்கள், கண் போனதற்கு இன்னும் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, தாங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய் திரும்பிப் பார்க்கிறதா என்று வீடியோ கேட்பார்கள். நான் அனுப்பினேன். பொத்தேரி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தேன். மாமல்லபுரம் விடுதிகளில் மிஞ்சும் சோற்றையும் கோழியையும் வாங்க ஏற்பாடு செய்தேன். பிறந்தநாள், கல்யாண நாள், திவசம் எதையும் விடவில்லை. இரண்டு வருடத்தில் சுற்றுச்சுவர் வந்தது, தண்ணீர் வந்தது, கடைசியில் ஒரு பெரிய கம்பெனி அறுவை சிகிச்சைக் கூடமும் ஆம்புலன்ஸும் கொடுக்க முன்வந்தது. கடற்கரை நெடுக எங்கே நாய் அடிபட்டாலும் எங்கள் வண்டி போய் நிற்கும். அதுதான் திட்டம்.

ஊரில் எங்களைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். எவன் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் காப்பகத்து நாய்தான் என்பார்கள். அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி மனு கொடுத்து, ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாய்களோடு இருந்தால் பல் படத்தான் செய்யும். பட்டவுடன் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், கடித்த நாயைப் பத்து நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். வெறிநோய் இருக்கிற நாய் கடித்த பிறகு பத்து நாள் தாங்காது. நாய் நன்றாக இருந்தால் பயமில்லை, மிச்ச ஊசியை விட்டுவிடலாம் என்பது எங்கள் கணக்கு. பத்தாம் நாள் கடிபட்டவர் தன் கையால் அந்த நாய்க்குப் பிஸ்கட் ஊட்டுவார். எல்லோரும் கை தட்டுவார்கள், போட்டோ எடுப்போம். பிள்ளைகள் ஆரம்பித்து வைத்த விளையாட்டு. நன்கொடையாளர்களுக்கும் அந்த போட்டோக்கள் பிடித்திருந்தன.

தன்னார்வலர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட ஒரு முகாம் நடத்தினேன். நானும் போட்டுக்கொண்டேன். காசியம்மாள் அன்று அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்துக்கு வேலை செய்பவள், தன்னார்வலர் இல்லை. அதனால் அவளைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. கம்பெனி அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள், குழந்தைகள் தூக்கிக் கொஞ்சக் குட்டிகள் வேண்டும் என்றார்கள். எங்களிடம் ஒரு தாய் ஈன்ற கறுப்புக் குட்டிகள் இருந்தன. தாய் கடற்கரைச் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. புதன்கிழமை காசியம்மாள் அவற்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குட்டி அவள் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. உதறியும் விடவில்லை. நான்தான் போய் வாயைப் பிளந்து எடுத்தேன்.

"பாலு குடிக்கிற குட்டி சார், இன்னா புடி புடிக்கிது பாரு," என்று சிரித்தாள். பிறகு, "கொரலு கூட ஒரு மாரியா கீது சார். தொண்டையில எதுனா மாட்டிக்கினு கீதா பாக்கச் சொல்லு டாக்டரம்மாவ," என்றாள்.

அவள் கையைக் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு அனுப்பினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பியவன் நான். குட்டியைத் தனிக் கூண்டில் விட்டேன். டாக்டர் ஷாஜாதி முந்தின நாள்தான் வந்துபோயிருந்தார், அடுத்து விழாவுக்குத்தான் வருவதாக இருந்தது. போனில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் உடனே கிளம்பி வந்து, விழாவைத் தள்ளி வையுங்கள் என்பார். அவருக்கு எதிலும் அவசரம்.

குட்டி வியாழக்கிழமை பால் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் செத்துப்போனது.

குட்டிகள் சாகும். நூறு காரணத்துக்குச் சாகும். வயிற்றுப்போக்கில் சாகும், குடலில் புழு வைத்துச் சாகும், வெயிலில் சாகும். இதற்கு வந்தது இன்னது என்று எனக்கு எப்படித் தெரியும், நான் டாக்டரா? தெரிய வேண்டுமானால் தலையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் விழா இல்லை. வெறிநோய் என்று வந்துவிட்டால் காப்பகமே இல்லை. ஊர்க்காரர்கள் தடியோடு வருவார்கள், கம்பெனி கையை உதறிவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கிற அத்தனை நாய்களும் திரும்பத் தெருவுக்குப் போகும். ஒரு பக்கம் இவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். என் இடத்தில் இருந்து பார்த்தால் உங்களுக்கும் புரியும். சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, முறையாகத்தான் புதைத்தேன்.

சனிக்கிழமை காலையில் காசியம்மாள் இரண்டாவது ஊசிக்குப் போக வேண்டும் என்று வந்து நின்றாள். தலை வாரி, வெளியே போகிற சேலை கட்டியிருந்தாள். மறுநாள் விழா. பந்தல்காரர்கள் வந்திருந்தார்கள், விடுதியிலிருந்து பாத்திரங்கள் வரவேண்டியிருந்தது, பிள்ளைகள் எல்லோரும் சாப்பாட்டுக்கு அவளைத்தான் நம்பியிருந்தார்கள். நான் அவளைத் தனிக் கூண்டுக்கு அழைத்துப் போனேன். உள்ளே ஒரு கறுப்புக் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு குதித்தது. காலையில்தான் அதைக் கொண்டுபோய் விட்டிருந்தேன்.

"இதோ பார், உன்னைக் கடிச்ச ஆளு எப்படி ஆட்டம் போடுறான்னு," என்றேன்.

அவள் உட்கார்ந்து கம்பி வழியே விரலை விட்டாள். அது நக்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கு ஒரு காது மடிஞ்சிக்கினு இருந்துச்சே சார்."

"வளரும்போது நிமிர்ந்துடும் காசியம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் பழகியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தால் ஒரு நாள் வேலை கெடும் என்று அவளுக்கும் இருந்திருக்கும். நான் போகாதே என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை.

விழா நன்றாக நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள், குழந்தைகள் குட்டிகளைக் கொஞ்சினார்கள், சாப்பாட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். டாக்டர் மேடையில் பேசும்போது அழுதுவிட்டார். காது மடிந்த குட்டி எங்கே என்று அவர் கேட்டபோது, நல்ல இடத்தில் தத்து கொடுத்தாகிவிட்டது என்றேன். கடித்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் பத்தாம் நாள் வந்தது. காசியம்மாள் குட்டிக்குப் பிஸ்கட் ஊட்டினாள், பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த போட்டோவில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துக் கட்டைவிரல் மரத்துப்போகிறது என்றாள். பிறகு காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் மகள் ஜாய்ஸ் போன் செய்தாள். மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிற பெண். "சார், அம்மா தண்ணிய கண்டாலே ஒடம்பு தூக்கிப் போடுது சார். ஃபேன் காத்து பட்டா கத்துது. இன்னான்னே தெரில சார்," என்றாள். எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்தார்கள். நான் போனேன். போகாமல் இருக்க நான் என்ன கல்லா? வாசலிலேயே நின்றேன். கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நடுவில் கொஞ்சம் தெளிவு வந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார், குட்டி நல்லாக்கீதா?"

"நல்லாருக்கு காசியம்மா," என்றேன். அது பொய் இல்லை. அந்தக் குட்டி நன்றாகத்தான் இருந்தது. அவள் ஜாய்ஸைப் பார்த்து, "நாய் மேல பழி போடாதீங்க, பத்து நாளும் நான் பாத்தேன்," என்றாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

ஜாய்ஸ் என்னிடம் கேட்டாள். எங்கேயோ தெருநாய் கீறியிருக்கும், அம்மா கவனித்திருக்க மாட்டாள் என்றேன். அவள் நம்பினாள். அடக்கச் செலவு காப்பகம் சார்பில் செய்தோம். அதன் பிறகு செய்ததைத்தான் நீங்கள் பெரிய குற்றமாகப் பேசுகிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சாவு நடந்துவிட்டது. அதிலிருந்து ஏதாவது நல்லது வரட்டும் என்று நினைத்தேன். கடற்கரைக் குப்பங்களுக்கெல்லாம் போய் நாய்களுக்கு இலவசமாக வெறிநோய்த் தடுப்பூசி போட ஒரு வண்டி, காசியம்மாள் பெயரில். ஜாய்ஸைப் பேச வைத்து வீடியோ எடுத்தேன். அவள் பேச முடியாமல் நின்ற இடத்தை வெட்டவில்லை. உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் காப்பகத்தின் சரித்திரத்தில் வேறு எதற்கும் அப்படி நன்கொடை வந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து ஹேமந்த்கூட அனுப்பினான். முதல் தடவையாக முழுதாக அரைமணி நேரம் பேசினான்.

வண்டியின் பக்கவாட்டில் ஒட்ட அந்தப் பிஸ்கட் போட்டோவைப் பெரிதாக்கினோம். டாக்டர் ஷாஜாதி வண்டியின் முன்னால் வெகுநேரம் நின்றார். காசியம்மாளைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். "இது எப்போ எடுத்தது? எதுக்குப் பிஸ்கட் குடுக்கறாங்க?" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள், விழாவுக்கு முந்தின புதன்கிழமை குளிப்பாட்டும்போது கடித்த குட்டி என்று சொல்லிவிட்டார்கள். "அன்னைக்குக் குளிப்பாட்டின எடத்துல காது மடிஞ்ச குட்டியும் இருந்துச்சா?" என்று என் பக்கம் திரும்பினார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குழியைக் காட்டியதும் நான்தான், யாரும் என்னை மிரட்டவில்லை.

ஆக, நான் செய்தது இது. செத்த குட்டியை மறைத்தேன், வேறு குட்டியைக் காட்டினேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெறிநோய் என்று தெரிந்தே அவளைச் சாகவிட்டேன் என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரியில் மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்குத் தெரியாது.

புதைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. புதன்கிழமை அதன் வாயைப் பிளந்தபோது என் விரலில் எச்சில் பட்டிருந்தது, அங்கே ஒரு சின்ன வெட்டுக்காயமும் இருந்தது. அதனால் செங்கல்பட்டில் தெரிந்த கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை இன்னொன்று போட வேண்டும் என்றார்கள். அன்று பந்தல் பிரிக்கிற வேலை தலைக்கு மேல் இருந்தது, இருந்தாலும் போய்ப் போட்டுக்கொண்டேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வாயில்லா ஜீவன்களுக்கு யார் இருக்கிறார்கள்?