குசினி மூலையில் பழைய மடிக்கணினி

எங்கள் பாலையூற்று வீட்டில் தேநீருக்குச் சீனி போடுவதில்கூட நான் பாரபட்சம் காட்டியதில்லை. நீங்கள் கேட்பதால் இதையும் நேர்மையாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. என் தங்கை புஷ்பவதிக்கு நோர்வேயில் மேற்படிப்புக்கான புலமைப்பரிசில் நேர்முகம் வந்தது. போரினால் கொழும்புப் பயணம் நிச்சயமற்றிருந்த காலம். ஆகவே அதை இணையத்தில் நடத்தச் சம்மதித்தார்கள். வைஃபை பெட்டி பொருத்த, கணினி வேலை தெரிந்த குணரத்தினத்தை அழைத்தாள்.

அவள் கணினி புதியது. என் மடிக்கணினி பழையது. குணரத்தினம் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவும் சேரும், ஐயா. ஆனால் பழைய தரம், ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் கதைக்கும். இது கதைச்சு முடியுமட்டும் புதுசு வாயைப் பொத்திக்கொண்டு நிக்கவேணும். தூரத்தில வைச்சால் இன்னும் இழுக்கும். பழசைச் சேர்க்காமல் விடட்டோ?"

"எவரையும் வெளியே நிறுத்தும் ஒழுங்கு இவ்வீட்டில் இல்லை" என்றேன். கோயில் வாசல்களில் இருபது ஆண்டுகள் இதையே முழங்கியவன் நான்.

"அண்ணா மேடை ஏறிட்டார்" என்று சிரித்தாள் தங்கை. "கையைத் தட்டிப்போட்டு அதையும் சேர்த்துவிடுங்கோ."

நேர்முகத்தன்று காலை மடிக்கணினியைக் குசினியின் கடைசி மூலையில், அரிசிமா வாளிக்குப் பின்னால் வைத்தேன். பெண்கல்வி பற்றிய என் உரைகளின் ஒளிப்பதிவுகளை விறாந்தையில் கிடந்த இன்னொரு கணினிக்கு அதே வைஃபை வழியாக அனுப்பத் தொடங்கினேன். ஒன்பது மணி நேரப் பேச்சு. அறைக்குள் தங்கையின் குரல் துண்டு துண்டாக விழுந்தது. "கேட்கிறதா?" என்று ஆங்கிலத்தில் பதினொரு தடவை கேட்டாள். பன்னிரண்டாவது தடவை மறுமுனையில் எவரும் இல்லை.

துறைமுக ஊரில் இதற்கு விளக்கம் ஆயத்தமாகவே இருக்கும். கைத்தொலைபேசி செத்தாலும் வானொலி இரைந்தாலும் நாங்கள் கடற்படை முகாமின் பக்கந்தான் திரும்பிப் பார்ப்போம்.

"அவங்கள்தான் அலையை அமத்திப்போட்டாங்கள், அண்ணா."

நான் மறுக்கவில்லை. அன்று பின்னேரமே அந்த அடக்குமுறையைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டேன். சிவந்த கண்களோடு அவளே எழுதித் தந்தாள். என் எல்லா உரைகளையும் போல.

சுயநலம் என்பீர்கள். அல்ல. பெண்கள் கடல் கடந்தும் கற்க வேண்டும் என்று இந்த மாவட்டத்தில் உரத்துச் சொல்ல ஒருவன் வேண்டும். அவளும் போய்விட்டால் அவன் மேடையில் எதை வாசிப்பான்?

அடுத்த ஆண்டும் விண்ணப்பித்தாள். ஊக்கம் கொடுத்தவன் நான்தான். மடிக்கணினியையும் குசினியிலிருந்து எடுக்கவில்லை.