சார் பேருல மூணு கட்டம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோ. எதிர் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்கள். மூத்தவள் உற்பத்தி லைனில் வேலை செய்யும் உள்ளூர்க்காரி. இளையவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள்; பேச்சில் திருநெல்வேலி.

"எங்க கொரியா சாரு பேரையே அழிச்சிட்டியேடி," என்றாள் மூத்தவள்.

"அழிக்கலக்கா. இப்பதான் பேரு ஒழுங்கா வருது."

"ஸ்கிரீன்ல மூணு கட்டம் வந்துகினு இருந்துச்சே, அது?"

"அது பேரு இல்லக்கா. நம்ம லினக்ஸ் சிஸ்டத்துல கொரியா எழுத்துக்கு ஃபான்ட் இல்லாம இருந்துச்சு. இல்லாத எழுத்துக்கு அது வெறும் கட்டத்தப் போட்ரும். நேத்து புது ஃபான்ட் ஏத்துனேன், சரியாயிட்டு. அவரு வந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டாருக்கா. விரலால தடவிப் பாத்தாரு."

மூத்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. அதான் அவுங்க எழுத்துன்னு நெனச்சேனே. யாரும் எடுத்துறக் கூடாதுன்னு அவரு டீ கப்புல பெயின்ட்ல மூணு கட்டம் போட்டு குட்த்தேன்டி."

"அய்யோ! அவரு என்ன சொன்னாரு?"

"விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஏன்னு எனக்கு இன்னிக்கித்தான் புரியுது."

"அந்தக் கப்ப வாங்கித் தாங்கக்கா, கட்டத்த அழிச்சிட்டு சரியான பேர எழுதித் தாரேன்."

"வேணாம்டி. அன்னிக்கே அவரு, என் பேர மல்லிகான்னு தமிழ்ல எழுதுனா எத்தினி எழுத்துன்னு கேட்டாரு. நாலுன்னேன். என் கப்பை வாங்கி நாலு கட்டம் போட்டுக் குட்த்தாரு."